அரசு கட்டில் ஏழு

பழைய கட்டடம் ஒன்று தன் பாட்டுக்குக் கிடந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. சுவரில் செடி முளைக்கும், புறா அடையும், மழை வந்தால் நாலு பேர் ஒதுங்குவார்கள். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது என்று எவனாவது வாயைத் திறந்துவிட்டால் போச்சு. சுற்றிலும் தகரம் அடிப்பார்கள், வாசலில் பலகை மாட்டுவார்கள். பாலத்தடி மஞ்சள் கட்டடத்துக்கும் அந்தக் கதிதான் வந்தது. பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: "இங்கே வரலாறு ஆராயப்படுகிறது. வரலாறு தெரியும்வரை உள்ளே வராதீர்."

காஜாக்கா அந்தப் பலகையை இரண்டு தடவை படித்தாள். சட்டை தைக்கும் கம்பெனியில் காஜா எடுப்பது அவள் வேலை. பட்டன் நுழைகிற ஓட்டையை அளந்து வெட்டி, நூல் பிரியாமல் சுற்றித் தைப்பாள். பெற்றவர்கள் வைத்த பெயரை ஊர் மறந்து ரொம்ப நாளாகிறது. வருஷத்தில் ஒரு நாள், யாரிடமும் சொல்லாமல், பஸ் ஏறி இந்தக் கட்டடத்துக்கு வருவாள். கதவில்லாத வாசல் வழியாகப் போய், நீளக் கூடத்தின் சுவரில் ஓரிடத்தில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பாள், திரும்பிவிடுவாள். இந்த வருஷம் வந்தால் தகரம்.

"உள்ள போகணும்ப்பா" என்றாள் வாட்ச்மேனிடம்.

"முடியாதும்மா. வரலாறு எடுத்துக்கிட்டு இருக்காங்க."

"எனக்கு எதுக்கு வரலாறு? ஏழாம் நம்பர் கட்டில் இருந்த இடத்துல செத்த நேரம் நின்னுட்டு வந்துடறேன்."

"என்ன கட்டில்?"

"ஆஸ்பத்திரிக் கட்டில்தான்."

வாட்ச்மேன் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "அந்த வார்த்தைய இங்க சொல்லாதீங்கம்மா. நானே இங்கதான் பொறந்தேன். ஆனா இது ஆஸ்பத்திரின்னு இன்னும் நிர்ணயம் ஆகலை. இல்லேன்னுதான் எழுதப்போறாங்கன்னு பேச்சு."

ஆற்றுக்கு அந்தப் பக்கம் புது ஆஸ்பத்திரி வந்ததும் இதைப் பூட்டினார்கள். அதுவரைக்கும் ஊரில் பாதிப் பேர் இங்கேதான் பிறந்தார்கள். காஜாக்காவும் ஒரு பிள்ளையை இங்கேதான் பெற்றாள். முதல் பிள்ளை, அதோடு கடைசிப் பிள்ளை. ராத்திரி பகல் தெரியாமல் வலித்து, பிள்ளை வெளியே வந்ததும் மறைப்புத் துணிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். எடை போடுகிற தராசுத் தட்டு 'டங்' என்று சத்தம் போட்டது கேட்டது. பிள்ளையின் சத்தம் கேட்கவில்லை. நர்ஸ் வந்து தலையைத் தடவினாள். "தங்கலைம்மா. பாக்க வேணாம், பாத்தா மறக்க முடியாது" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். காஜாக்காவும் பார்க்கவில்லை. பார்க்காமலும் மறக்க முடியவில்லை என்பது வேறு கதை.

என்ன பிள்ளை என்று அன்றைக்குக் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. மறுநாள் கேட்டபோது நர்ஸ் மாறிவிட்டாள், வேறு யாருக்கும் தெரியவில்லை. புருஷன் பஸ் டிரைவர். வெளியூர் ட்ரிப் முடிந்து அவர் ஓடி வருவதற்குள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆக, தங்களுக்குப் பிறந்தது ஆணா பெண்ணா என்பதே அந்த இரண்டு பேருக்கும் தெரியாது. அழுவதற்குக்கூட ஒரு பெயர் வேண்டுமே! பெயர் வைக்க அது தெரிய வேண்டாமா?

டிரைவர் இப்போது ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கிறார். ஆயுசு முழுக்க எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்ததில் காது மந்தம்.

"அங்க எதுக்குப் போனே?" என்றார் அன்று சாயங்காலம். போவது அவருக்குத் தெரியும் என்பதே காஜாக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது.

"அது ஆஸ்பத்திரியே இல்லேன்னு எழுதப்போறாங்களாம்" என்று உரக்கச் சொன்னாள்.

"எழுதிட்டுப் போறான், விடு. கிணத்துல போட்ட கல்லு. அதை எதுக்குத் தூக்கறே?"

"ஆஸ்பத்திரியே இல்லேன்னா நம்ம பிள்ளை எங்க பொறந்துச்சுன்னு சொல்றது? அப்படி ஒண்ணு இருந்துச்சுங்கறதுக்கு அந்தச் சுவரை விட்டா நமக்கு என்ன இருக்கு?"

டிரைவருக்கு அது கேட்டதா இல்லையா தெரியவில்லை. சில விஷயங்கள் காது நன்றாக இருக்கிறவர்களுக்கே கேட்பதில்லை.

பழங்கட்டட வரலாறு நிர்ணயத் துறை ஒரு பழங்கட்டடத்தில்தான் இயங்கியது. மழைக்கு ஒழுகும். ஒழுகுகிற இடங்களில் வாளி வைத்திருந்தார்கள். ஓட்டையை அடைக்க அந்தக் கட்டடத்தின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்கான விண்ணப்பம் துறையிடமே நிலுவையில் இருந்தது.

காஜாக்கா கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்து, நிர்ணய அலுவலர் முன்னால் உட்கார்ந்தாள். அவர் பொறுமையான மனிதர். எதையும் செய்யாதிருப்பதில் அவருக்கு நிறையப் பொறுமை இருந்தது.

"ஐயா, பாலத்தடிக் கட்டடம் ஆஸ்பத்திரியா இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதணும். அவ்வளவுதான்."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"நான் அங்க படுத்திருந்தேன்யா. எனக்கு ஞாபகம் இருக்கு."

அலுவலர் முகம் சுருங்கியது. "ஞாபகம் இருக்கா? அதான் சிக்கலே. உயிரோட இருக்கறவங்க ஞாபகம் பட்டா வரலாறு கெட்டுப்போயிடும்மா. விதிப்படி சாட்சி இறந்திருக்கணும்."

"செத்தப்புறம் நான் எப்படிய்யா வந்து சொல்றது?"

"நீங்க வரவேண்டியதில்லை. உங்க வாரிசு வந்து சொன்னாப் போதும்."

காஜாக்கா வாளியில் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்த வாரிசைப் பத்திக் கேக்கத்தான்யா வந்திருக்கேன்" என்றாள்.

"ரொம்ப நல்லதாப் போச்சு. அவரையே வரச் சொல்லுங்க" என்றார் அலுவலர்.

இதற்கு மேல் என்ன பேசுவது? எழுந்தவளை அவரே கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். "ஞாயித்துக்கிழமை அந்தக் கட்டடத்துலயே கருத்துக் கேட்புக் கூட்டம் வச்சிருக்கோம். கருத்தை யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா தாராளமாச் சொல்லலாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் கட்டடத்தின் நீளக் கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். கூட்டம் நெரிந்தது. மேடை அமைந்திருந்த இடத்தைப் பார்த்ததும் காஜாக்கா அப்படியே நின்றுவிட்டாள். அவள் வருஷா வருஷம் கை வைக்கிற சுவர் அது. கறுப்பு பெயின்டில் எழுதியது அப்படியே இருந்தது: "அரசு கட்டில் 7." அந்தச் சுவருக்கு முன்னால் தலைமை நிர்ணயர் சால்வையோடு உட்கார்ந்திருந்தார்.

மேடையோரம் ஒரு மேசையில் வெல்வெட் துணி விரித்து, கட்டடத்தில் கண்டெடுத்த பொருள்களை வைத்திருந்தார்கள். குளுக்கோஸ் பாட்டில் மாட்டுகிற இரும்புக் கம்பிக்கு 'அரச கொடிக்கம்பம்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. கட்டில் கால் சக்கரங்கள் 'சிறுவகைத் தேர்ச் சக்கரங்கள்' ஆகியிருந்தன. நடுவில், மாலை போட்டு, ஒரு பெட்பேன், எழ முடியாத நோயாளிக்குக் கட்டிலிலேயே வைக்கிற மலத் தட்டு. அதன் சீட்டில், "மன்னர் விருந்துண்ட பாத்திரம். ஒரு பக்கம் அகன்றிருப்பதால், மன்னர்கள் சாய்ந்தபடி உண்டனர் என்பது தெளிவு." பத்திரிகைக்காரர்கள் கேட்டுக்கொண்டதற்காக நிர்ணய அலுவலர் அதை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். காஜாக்காவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடினாள். அடுத்த பொருளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வளைந்த தட்டு வைத்த தராசு. 'முத்து நிறுக்கும் துலாக்கோல்' என்று எழுதியிருந்தது.

தலைமை நிர்ணயர் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! ஆதாரம் இருக்கிறதா என்று சிலர் கேட்கிறார்கள். ஆதாரம் இருந்தால் துறை எதற்கு? எங்களுக்குச் சம்பளம் எதற்கு? ஆதாரம் இல்லாத இடத்தில்தான் ஆராய்ச்சியே பிறக்கிறது. எனக்குப் பின்னால் பாருங்கள். என்ன எழுதியிருக்கிறது? 'அரசு கட்டில்.' இன்றைய மூடர்களுக்குக் கட்டில் என்றால் படுத்துக்கொள்வது. நம் முன்னோருக்கோ, ஐயா, கட்டில் என்றால் அரியணை! அரசுகட்டில் என்றால் சிம்மாசனம்! பழந்தமிழ் படித்தவனுக்குத் தெரியும். இந்தக் கூடத்தில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் இருக்கிறது. ஒரே கூரையின் கீழ்ப் பன்னிரண்டு சிம்மாசனம்! உலகத்தில் வேறெங்காவது உண்டா?"

கைதட்டல். பின்வரிசையில் ஒருவர், "எழுத்து புது பெயின்ட் மாதிரி இருக்கே சார்" என்றார்.

"அதுதான் முன்னோரின் ரசாயன அறிவு!" என்றார் தலைமை நிர்ணயர். கைதட்டல் இரண்டு மடங்கானது.

காஜாக்கா எழுந்துவிட்டாள். "ஐயா, அது பெட் நம்பருங்க. கவர்மென்ட் ஆஸ்பத்திரிங்கறதால அரசு கட்டில்னு எழுதினாங்க. இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும்."

"அம்மா" என்றார் அவர் இரக்கத்தோடு, "நீங்க நெனைக்கிற கட்டில் வேற, இந்தக் கட்டில் வேற. உக்காருங்க."

காஜாக்கா கூட்டத்தைப் பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே ஒரு முழு ஆஸ்பத்திரி, டாக்டர், நர்ஸ், டெட்டால் வாசனை சகிதம் மறைந்துகொண்டிருந்தது. எத்தனை பேர் இங்கே பிறந்தவர்கள்! யாராவது ஒருவர் எழுந்து ஆமாம் என்றால் போதும்.

மளிகைக் கடைக்காரர் எழுந்தார். காஜாக்காவுக்கு உயிர் வந்தது.

"சார், எங்க வீட்டுல அண்ணன் தம்பி நாலு பேரும் இந்தக் கட்டடத்துலதான் பொறந்தோம்" என்றார். "அரண்மனையிலதான் பொறந்திருக்கோம்னு இன்னிக்குத்தான் சார் தெரியுது." சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. நானும் இங்கேதான், என் மச்சானும் இங்கேதான், எங்கள் சித்தி ரெட்டைப் பிள்ளை பெற்றது இங்கேதான் என்று ஆளாளுக்கு எழுந்து நின்றார்கள். தலைமை நிர்ணயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னையும் என் தாயார் இங்கேதான் பெற்றதாகச் சொல்வார். சிறு வயதில் அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. இருந்தாலும், பள்ளிக்கூடத்தில் தரையில் உட்காரச் சொன்னால் ஏனோ மனம் ஒப்பாது."

பிறந்தவர்களுக்கெல்லாம் ராஜ யோகம் வந்துவிட்டது. யாருக்கு வேண்டும் ஆஸ்பத்திரி? பக்கத்து நாற்காலிப் பெண் காஜாக்காவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருக்கா. உனக்கென்ன நஷ்டம்?"

அந்தக் கேள்விதான் அவளை உடைத்தது. "என் பிள்ளை இந்தக் கட்டில்லதான்யா செத்துச்சு!" என்று கத்தினாள்.

தலைமை நிர்ணயர் மெதுவாக எழுந்தார்.

"என்னம்மா சொன்னீங்க? ஏழாவது கட்டில்லயா?"

"ஆமாய்யா. பொறந்த உடனே."

"இளம் வயதில்!" என்று சுருக்கெழுத்தர் பக்கம் திரும்பினார். "எழுதுங்க. அரசுகட்டிலில் துஞ்சியவர். துஞ்சுதல்னா இறத்தல், ராஜாக்கள் சாகறதில்லை, துஞ்சறாங்க. இளம் வயதில் துஞ்சியதால் இளவரசர். ஆகா! ஒரு இறப்பு கிடைக்காமத்தான் அறிக்கை நின்னுட்டு இருந்துச்சு. இந்தச் சேதி உங்களுக்கு எப்படித் தெரியும்மா?"

"நான்தானேய்யா பெத்தேன்!"

நிர்ணய அலுவலர் அவர் காதருகே குனிந்து, சாட்சி உயிரோடு இருப்பதாக நினைவூட்டினார். தலைமை நிர்ணயர் ஒரு கணம்தான் யோசித்தார். "செவிவழி மரபுன்னு போடுங்க. இவங்க பரம்பரை அரண்மனையில செவிலித்தாயா இருந்திருக்கணும். அந்தத் துக்கம்தான் வழிவழியா இறங்கி இந்த அம்மா வாயில வருது. பாருங்க, எவ்வளவு தத்ரூபமா அழறாங்க!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ மெதுவாகத் தட்ட, கூட்டம் முழுக்கத் தட்டியது. தன் வாழ்க்கையில் காஜாக்கா வாங்கிய முதல் கைதட்டல் அது.

மாதங்கள் போயின. கம்பெனியில் சட்டைகள் வந்தன, போயின. கட்டடம் முதல்தர அரண்மனை என்று நிர்ணயம் ஆகி, திறப்பு விழாவும் நடந்தது. காஜாக்கா விழாவுக்குப் போகவில்லை. கூட்டம் ஓய்ந்த பிறகு ஒரு நாள் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். தரைக்குப் பளிங்கு போட்டிருந்தார்கள். 'அரசு கட்டில் 7' கண்ணாடிச் சட்டத்துக்குள் போயிருந்தது. முன்னால் சிவப்புக் கயிறு. கையை எவ்வளவு நீட்டியும் சுவர் எட்டவில்லை. சுவருக்குக் கீழே ஒரு கருங்கல் பதித்திருந்தார்கள்.

"ஏழாம் அரசுகட்டிலில் இளம் வயதில் துஞ்சிய இளவரசர் நினைவாக. தொடாதீர்."

காஜாக்கா கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் படித்தாள். இவ்வளவு வருஷம் கழித்து அந்தப் பிள்ளைக்கு ஒரு கல். ஒரே ஒரு சொல்லில் அவள் கண் மாட்டிக்கொண்டது. நிர்ணய அலுவலர் பார்வையாளர்களை ஒழுங்குபடுத்திக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஐயா, இளவரசர்னா ஆம்பளைப் பிள்ளையா?"

"பின்னே? பொண்ணா இருந்தா இளவரசின்னு போட்டிருப்போம்ல."

"எப்படிய்யா தெரிஞ்சுது?"

"நிர்ணயம் பண்ணியாச்சும்மா. மூணு கூட்டம் போட்டு, கையெழுத்து வாங்கி, கல்லுலயும் வெட்டியாச்சு. இனி கடவுளே வந்து இல்லேன்னு சொன்னாலும் மேல்முறையீடுதான் பண்ணணும்."

"அப்போ, இனி மாறாது?"

"மாறவே மாறாது" என்றார் அலுவலர். அவர் சொன்னதிலேயே அது ஒன்றுதான் அவளுக்குப் பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே டிரைவர் முன்னால் நின்றாள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஆம்பளைப் பிள்ளையாம்" என்றாள்.

"என்னது?"

"ஆம்பளைப் பிள்ளையாங்க."

"சத்தமாச் சொல்லு!"

"ஆம்பளைப் பிள்ளை!" தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

எதிர்வீட்டுப் பெண் ஜன்னலில் சிரித்த முகத்தோடு எட்டிப் பார்த்தாள். "நல்ல சேதியாக்கா? யாருக்குக் குழந்தை பொறந்திருக்கு?"

காஜாக்கா ஜன்னலைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "எனக்குத்தான்" என்றாள்.

எதிர்வீட்டுப் பெண் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். டிரைவருக்கு இந்தத் தடவை ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருந்தது. "யார் சொன்னா?" என்றார்.

"அரசாங்கம். கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. இளவரசர்னு."

"இளவரசரா?" பேப்பரை மடித்தார். "அப்போ நான் ராஜாவா?"

"ஆமா. பஸ் ஓட்டுன ராஜா."

டிரைவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. துடைத்துக்கொண்டே இருந்தார்.

காஜாக்கா பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு சின்னச் சட்டையை எடுத்தாள். மாசமாக இருந்தபோது தைத்தது. கழுத்து, கை, ஓரம் எல்லாம் முடித்தவள் காஜா மட்டும் எடுக்கவில்லை. ஆம்பளைச் சட்டைக்குக் காஜா இடப்பக்கம், பொம்பளைச் சட்டைக்கு வலப்பக்கம். தொழில் தெரிந்தவள், இஷ்டத்துக்கு வெட்ட மாட்டாள். பிள்ளை பிறக்கட்டும், பார்த்துக்கொண்டு எடுக்கலாம் என்று வைத்ததுதான். வெள்ளைத் துணி பழுத்துப்போயிருந்தது.

துறையின் வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று அவளுக்குத் தெரியாதா? பெட்பேனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள் வார்த்தைதானே! ஆனால் இத்தனை வருஷத்தில், உனக்குப் பிறந்தது இன்ன பிள்ளை என்று அவளிடம் ஒருத்தர், பொய்யாகக்கூடச் சொன்னதில்லை.

வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். டிரைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, வயசான கண்ணுக்கு முடியாததால் கம்பெனியில் சின்னப் பெண்கள் அவளுக்குச் செய்து தருகிற வேலையை, ஊசியில் நூல் கோப்பதை, செய்து கொடுத்தார். அவள் சட்டையை மடியில் விரித்து, கழுத்துக்குக் கீழே சாக்கட்டியால் சின்னதாக ஒரு கோடு போட்டாள், இடப்பக்கம்.